ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு நோட்டு

ஹலோ... ஆமா, ஆமா, கார் பார்க்கிங்தான்... டோக்கன் தொலைஞ்சுபோச்சுன்னா மேல ஆபீஸ்ல போய் எழுதிக் குடுக்கணும், என்கிட்ட கேட்டு... என்ன?... டிரைவரா? முன்னாடி டிரைவர்தான். இப்ப டோக்கன் குடுக்கிறேன்... இந்த நம்பர் உங்களுக்கு எங்க கிடைச்சுது?... எந்த நோட்டுல?

ஒரு நிமிஷம் இருங்க... சார், இடது பக்கம் ஒடிங்க. தூண் இருக்கு சார், தூண்... போதும், போதும். டோக்கனைக் கண்ணாடிக்கு உள்பக்கம் வைங்க... ம், சொல்லுங்கம்மா. எந்த வண்டி?

கறுப்பு... ஆமா... பின் கதவு இடது பக்கம் ரெண்டு தடவை சாத்தினாத்தான் மூடுதா?... அப்ப அதுதான். ஆறு வருஷம் ஓட்டினேன் அதை. நீங்க யாரு?... பல் டாக்டர். சரி டாக்டரம்மா... போன வாரம் வாங்கினீங்க. ஓனரே ஓட்டின வண்டின்னு என் பழைய முதலாளி சொன்னாரா? சொல்லுவாரு. அந்த மனுஷன் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்ல. பின் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு ஏசியைக் கூட்டு, ஏசியைக் குறை. அவரு ஓட்டின ஓட்டு அவ்வளவுதான்.

இப்ப எங்க இருக்கீங்க?... அவரு ஷோரூம்லயேவா? பக்கத்துல இருக்காரா?... பேப்பரைக் குடுத்துட்டு, பில் போட உள்ள போயிருக்காரு. அப்ப மெதுவா பேசுங்க. சோபாவை விட்டு எழுந்து அந்தத் தண்ணி மெஷின்கிட்ட நில்லுங்க. அது போடுற சத்தத்துல உள்ள எதுவும் கேக்காது. என் வீட்டுக்காரிகிட்ட நான் அங்க நின்னுதான் பேசுவேன்... நின்னுட்டீங்களா? சொல்லுங்க.

வாரண்டியா?... ம்... ரெண்டு வருஷத்துக்குக் கூடுதல் வாரண்டி... வாங்கின ஏழு நாளுக்குள்ள எடுக்கணும், இன்னைக்குக் கடைசி நாள். எடுக்கலாமா வேணாமான்னு என்கிட்ட கேக்குறீங்க... சரி, சரி. அந்த வாரண்டி யாரு குடுக்கிறது, கார் கம்பெனியா, அவரு கடையா?... பேப்பர்ல மேல பெரிசா யாரு பேரு இருக்குன்னு பாருங்க... அவரு கடை பேரு. வண்டி கெட்டா அவருதான் செஞ்சு குடுக்கணும். நல்லா பாத்தீங்களா?... சிரிக்கலை டாக்டரம்மா... சரி, சிரிச்சேன்.

ஒண்ணு கேக்குறேன். அரை மணி நேரம் ஓட்டி வண்டி நல்லா சூடானதும், மேட்டுல மெதுவா ஏத்தினா பின்னால இருந்து யாரோ உதைக்கிற மாதிரி இருக்குதா?... நேத்து ஆஸ்பத்திரி மேட்டுலயா. ரெண்டு தடவை. ம். அது ரோட்டுல பள்ளம்னு நினைச்சீங்க. பள்ளம் இல்ல, கியர்பாக்ஸ். அது சாகப்போகுது டாக்டரம்மா. ஏதோ ஒப்புக்குச் சரி பண்ணி, எச்சரிக்கை விளக்கைக் கம்ப்யூட்டர் மாட்டி அழிச்சிருப்பாங்க, ரெண்டு மாசத்துல திரும்ப எரியும். அதுக்கு அடுத்த மாசம் நடுரோட்டுல நிக்கும்.

பயப்படாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. எடுங்க. வாரண்டியை எடுங்க. ரெண்டு வருஷம் இல்ல, மூணு வருஷம் இருந்தா மூணு வருஷம் எடுங்க. கியர்பாக்ஸ் போகட்டும். இழுத்துக்கிட்டு வந்து அவரு வாசல்ல விடுங்க. புதுசு போட்டுக் குடுன்னு கேளுங்க. அந்தக் கியர்பாக்ஸ் என்ன விலைன்னு அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்னைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது. எட்டு மாசமா எனக்கு வரலை, அவருக்கு ஒரு ராத்திரியாவது வரக் கூடாது.

ஏன்னு கேக்குறீங்களா?... வண்டி ஒரு திங்கட்கிழமை நடுரோட்டுல நின்னுச்சு. உள்ள அவரும் அவரு விருந்தாளிகளும். ஷோரூமை ஒட்டியிருக்கிற அவரு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போனாங்க. அங்க எல்லாரையும் கூட்டி வச்சுச் சொன்னாரு, இவன் கியர் ஆயிலை இறக்கி வித்துட்டான், அதான் வண்டி போச்சுன்னு. நான் ஆயிலை வித்தேனாம். அன்னையில இருந்து என் பேரு ஆயில். ஹெட் மெக்கானிக் வச்ச பேரு. யாரும் ஸ்டீயரிங்கை நம்பிக் குடுக்கலை. சரின்னு இந்த அண்டர்கிரவுண்டு பார்க்கிங்குக்கு வந்தா, அந்த மெக்கானிக் ஒருநாள் வண்டி விட வந்தான், என்னைப் பாத்தான், சொல்லிட்டுப் போனான். மறுநாள் இங்கயும் ஆயில். என் மச்சான் என் வீட்டுக்குள்ள, என் பொண்ணு முன்னாடி, ஆயில் இருக்காரான்னு கேட்டுக்கிட்டு வர்றான். வயிறு எரியுது டாக்டரம்மா. சொல்றதுக்கு எனக்கு வெக்கம் இல்ல.

ம்... என்ன போட்டிருக்கு?... கீழ பொடி எழுத்துலயா? வாசிங்க... 'ஏற்கெனவே இருந்த பழுதுகளுக்குப் பொருந்தாது'... அப்படி ஒண்ணு வச்சிருக்காரா? வைப்பாரு, வைப்பாரு. ஆனா ஏற்கெனவே இருந்துச்சுன்னு யாரு சொல்லப்போறா? சொன்னா அவரு வாயாலதான் சொல்லணும்... நோட்டுல இருக்கா? ஆமா, அதுல எல்லாம் எழுதியிருக்கேன். அப்ப அதைக் கிழிச்சுப் போட்டுருங்க. பொடிப்பொடியா. அது அவரு கண்ணுல பட்டா, இதோ பழைய பழுதுன்னு காட்டிக் கை கழுவிடுவாரு. குப்பைத்தொட்டி மெஷினுக்குப் பக்கத்துலயே...

இருங்க. கிழிக்காதீங்க. கிழிச்சுட்டீங்களா?... இல்லையே?... எல்லாப் பக்கத்துலயும் அவரு கையெழுத்து இருக்கா? எல்லாப் பக்கமுமா?

அந்த நோட்டு எங்க இருந்துச்சு?... ஸ்டெப்னிக்கு அடியில. பாலிதீன் கவர்ல சுத்தி.

ஐயோ.

ஒண்ணும் இல்ல... ஒண்ணும் இல்லம்மா. அன்னைக்கு மழை. அந்தப் பின் கதவு வழியா உள்ள தண்ணி வந்துச்சு. நோட்டு நனையக் கூடாதுன்னு நானேதான் சுத்தி வச்சேன். வச்சதை மறந்துட்டேன். வீட்டைத் தலைகீழாப் புரட்டினேன். என் வீட்டுக்காரி பீரோவை ரெண்டு தடவை கவுத்தேன். வண்டி கழுவுறவனைத் திருடன்னு சொன்னேன். முதலாளிதான் எரிச்சுட்டாருன்னு ஊர் முழுக்கச் சொல்லியிருக்கேன். என் புத்தியை...

ஒவ்வொரு சனிக்கிழமையும் வண்டில என்ன குறைன்னு எழுதி நீட்டுவேன். போன்ல பேசிக்கிட்டே, பாக்காமயே கையெழுத்துப் போடுவாரு. ஒர்க்‌ஷாப்ல அன்னைக்கு நான் சொன்னேன், எல்லாம் எழுதிக் குடுத்தேன், நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னு. எங்க நோட்டு, காட்டுன்னாரு. என்னால காட்ட முடியலை. எல்லாரும் என் கையையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

அண்ணே, சத்தம் போடாதண்ணே, அந்த வெள்ளை வண்டியை நீ பாத்துக்க. நான் முக்கியமான... ஆயில்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?... கேட்டீங்களா டாக்டரம்மா? இதுதான்.

கடைசியா எழுதின பக்கத்தை எடுங்க. என்ன தேதி?... அது சனிக்கிழமை. வாசிங்க, மெதுவா... 'கியர் உதைக்குது, உடனே காட்டணும்'... ம்... 'ஆயில் அளவு பாத்தேன், சரியா இருக்கு'. கீழ?... அவரு கையெழுத்து. சனிக்கிழமை இதுல கையெழுத்துப் போட்டுட்டு, திங்கட்கிழமை என்னைத் திருடன்னு சொல்லியிருக்காரு.

டாக்டரம்மா, நான் முதல்ல சொன்னதை மறந்துடுங்க. வாரண்டி எடுக்காதீங்க. அந்த நோட்டை வச்சுக்கிட்டு எடுத்தா அது வெறும் காகிதம். கிழிச்சுட்டு எடுத்தா உங்களுக்குக் கியர்பாக்ஸ் கிடைக்கும், எனக்கு ஆயில்ங்கிற பேரு சாகிற வரைக்கும் இருக்கும். நிஜத்தைச் சொல்றேன், அந்தக் கியர்பாக்ஸ் விலையை நினைச்சா எனக்கு இன்னும் எச்சில் ஊறுது. ஆனா இது அதைவிட இனிக்குது. பழுதுன்னு தெரிஞ்சே உங்க தலையில கட்டியிருக்காரு. அவரே உள்ள உட்கார்ந்திருக்கும்போது நின்ன வண்டி. வண்டியை எடுத்துக்க, பணத்தைக் குடுன்னு கேளுங்க. குடுப்பாரு. நோட்டைப் பாத்தா குடுப்பாரு.

முதல்ல எல்லாப் பக்கத்தையும் போன்ல போட்டோ எடுங்க. நான் இருக்கேன், எடுங்க... ம்... ம்... கடைசிப் பக்கத்தை ரெண்டு தடவை எடுங்க... வந்துட்டாரா? கையில பேனாவோட வர்றாரா? வரட்டும். நோட்டை அவரு கையில குடுக்காதீங்க. மேஜைமேல விரிச்சு நீங்க பிடிச்சுக்குங்க. போனை ஸ்பீக்கர்ல போடுங்க. எழுதினவன் லைன்ல இருக்கான்னு சொல்லுங்க.

...

வணக்கம் முதலாளி... ஆமா, நான்தான்... நல்லாத்தான் இருக்கேன்... அதெல்லாம் அப்புறம் பேசலாம். நோட்டு முன்னாடி இருக்கா? கையை எடுங்க, டாக்டரம்மா பிடிச்சுக்குவாங்க. எங்க நோட்டு, காட்டுன்னு கேட்டீங்களே. கொஞ்சம் லேட்டாயிடுச்சு, காட்டிட்டேன்.

டாக்டரம்மா, ஒர்க்‌ஷாப் பக்கத்துக் கண்ணாடிக் கதவைத் திறந்து விடுங்க... ஹெட் மெக்கானிக் இருக்கானா?... அவனை வந்து நிக்கச் சொல்லுங்க. மத்தவங்களும் வரட்டும். அன்னைக்கு எல்லாரும்தானே நின்னாங்க.

முதலாளி, வாசிங்க... நீங்களேதான் வாசிக்கணும். கண்ணாடி மேல் பாக்கெட்டுல இருக்கும்... போட்டாச்சா?... இன்னும் சத்தமா... ம்... 'சரியா இருக்கு'. அந்த வரியை இன்னொரு தடவை... 'ஆயில் அளவு பாத்தேன், சரியா இருக்கு'. ம். கீழ கையெழுத்து யாரோடது?... கேக்கலை, லைன் சரியில்ல... ம். இப்பக் கேட்டுச்சு.

வேலைக்கா?... திரும்ப வரவா? மாட்டேன் முதலாளி. சம்பளம் கூட்டினாலும் மாட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். என் பேரைச் சொல்லுங்க... அது இல்ல. சம்பளச் சீட்டுல எழுதுவீங்களே, அந்தப் பேரு... மறந்துட்டீங்களா? ஆறு வருஷம் உங்களை வீட்டுல கொண்டுபோய் விட்டிருக்கேன். நோட்டு அட்டையில இருக்கும், பாருங்க... ம்... இன்னொரு தடவை. மெக்கானிக்கையும் சொல்லச் சொல்லுங்க... அவன் குரல்தானா அது? நல்லா சொல்றானே.

இல்ல முதலாளி, மன்னிக்கலை. எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. டாக்டரம்மாவோட பணத்தை எண்ணிக் குடுத்துட்டு வண்டியை எடுத்துக்குங்க. நீங்களே வச்சு ஓட்டுங்க, மேட்டுல மெதுவா ஏத்துங்க. அப்புறம், அந்த ரெண்டு வருஷ வாரண்டி, அதை உங்க பேருக்கே போட்டுக்குங்க. இன்னைக்குக் கடைசி நாளாமே.

வைக்கிறேன், வண்டி வருது.