ரெத்தார் என்றால் தாமதம்

படுக்கிறோம். எழும்புகிறோம். ஓடுகிறோம். அம்மாவின் கையில் வாளி. என் இடுப்பில் குடம். கிணற்றடியிலிருந்து பங்கர் என்ற பதுங்குகுழி வரைக்கும் தென்னந்தோட்டம். மணல். காலைப் பிடித்து இழுக்கிறது.

தூரத்தில் "டொம்" என்று ஒரு சத்தம். அது செல், பீரங்கிக் குண்டு, புறப்படும் சத்தம். பிறகு கூவல். கூவல் தலைக்கு மேலே கடந்து போனால் இந்த முறை வேறு யாருக்கோ. அப்படித்தான் நாங்கள் கணக்குப் பார்த்தோம்.

"படு புள்ள! படு!"

அம்மா கத்துகிறார். வாளி உருள்கிறது. நான் குப்புற விழுகிறேன். கூவல் இல்லை. கூவலே இல்லை.

தலையை நிமிர்த்தினேன். எங்கள் பங்கரின் மேல் அடுக்கியிருந்த தென்னங்குற்றிகள் எழும்பின. மேலிருந்து அடி வாங்கி நொறுங்கவில்லை. உள்ளே யாரோ முதுகால் முட்டித் தள்ளியதுபோல் எல்லாம் ஒன்றாக மேலே எழும்பின. மண் மூட்டைகளும் எழும்பின. சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. அதன் பிறகு இடது காதில் எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை.

மார்கழி மாதம். வெள்ளிக்கிழமை. மழை விட்டிருந்த காலை.

பங்கருக்குள் மூன்று பேர் இருந்தார்கள். அப்பா. என் தம்பி சேகர். மாமியின் மகன் குகன். மாமி, அப்பாவின் தங்கை. மாங்கேணியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. செல்லடி தொடங்கியதும் இரண்டு குடும்பமும் ஒன்றாக வடக்கே ஓடி, அந்தத் தோட்டத்தில் கொட்டில் போட்டு, ஒரே பங்கர் வெட்டினோம். மாமி அந்த நேரம் கொட்டிலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் ஓடிப் போனார். கையால் மண்ணைக் கிண்டினார். குகனின் சட்டையைக் கண்டார்.

பிறகு அம்மாவைப் பார்த்துத் திரும்பினார்.

"மச்சாள்! பங்கருக்குள்ள என்னத்த வெச்சிருந்தீங்க? என்னத்த வெச்சான் உங்கட மகன்?"

எங்களைப் போல் அந்தத் தோட்டத்துக்கு ஓடி வந்திருந்த எல்லோருக்கும் அது கேட்டது. குற்றிகள் உள்ளிருந்து எழும்பியதை அவர்களும் பார்த்திருந்தார்கள். சேகர் இயக்கப் பொடியன்மாரோடு பேசித் திரிந்தவன். அவ்வளவு போதும். மத்தியானத்துக்குள் அது கதையாகிவிட்டது. செல் விழவில்லை. சேகர் வைத்த சாமான் வெடித்தது.

அதே குழிக்குள் மூன்று பேரையும் மூடினோம். இரண்டாம் நாள் களப்பைக் கடந்தோம். கழுத்தளவு தண்ணீர். பிறகு காடு. பிறகு முகாம். கதையும் எங்களோடு முகாமுக்கு வந்தது. தண்ணீர் வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நிற்பவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். மாமி வேறு கொட்டகைக்குப் போனார். மீள்குடியேற்றத்தின்போது மாங்கேணிக்கு வரவில்லை. கணவரின் ஆட்கள் இருக்கும் தேற்றாத்தீவுக்குப் போய்விட்டார்.

நான் பிரான்சுக்குப் போனேன். உணவகத்தில் கோப்பை கழுவினேன். வேலை முடிந்து மொழி வகுப்பு. ஸ்டேசன் பலகையில் சிவப்பு எழுத்தில் அடிக்கடி வரும் ஒரு சொல்லைத்தான் முதலில் பாடமாக்கினேன். ரெத்தார். தாமதம். ரயில் ரெத்தார். நான் ரெத்தார். முதலாளி ஏசுவார். பிறகு ஆஸ்பத்திரிகளில் நம் சனத்துக்கு மொழிபெயர்த்தேன். அம்மாவின் சிறுநீரகம் பழுதான பிறகு திரும்பி வந்தேன்.

இப்போது என் வேலை இது. நிலத்தில் புதைந்து கிடக்கும் வெடிக்காத செல்களையும் கண்ணிகளையும் தேடி எடுக்கும் குழுவில் மொழிபெயர்ப்பாளர். பயிற்றுநர் ஒலிவியே. பிரெஞ்சுக்காரர், ஓய்வு பெற்ற படையாள். ஆங்கிலம் தெரியாது. மேற்பார்வையாளர் வேறொரு நாட்டுக்காரர். பிரெஞ்சு தெரியாது. சோதனையும் அறிக்கையும் ஆங்கிலத்தில். ஆகவே ஒலிவியே சொல்வதை முதலில் ஆங்கிலத்தில் சொல்வேன். பிறகு குழுவுக்குத் தமிழில் சொல்வேன். குழுவில் பெரும்பாலும் பெண்கள். கணவனைப் பறிகொடுத்தவர்கள்.

உணவகப் பிரெஞ்சு இங்கே உதவவில்லை. எக்லா என்றால் மினுக்கம். வாய்விட்டுச் சிரிக்கும் சிரிப்புக்கும் அந்தச் சொல்தான் சொல்வார்கள். ஒலிவியேயின் வாயில் அது செல் துண்டு. ஆங்கிலத்தில் ஃபிராக்மென்ட். நாங்கள் பீஸ் என்போம். "அவருக்குப் பீஸ் பட்டிட்டு" என்போம். ஃபியூசே என்றால் ரொக்கெட் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முதல் நாளே ஒலிவியே திருத்தினார். செல்லின் மூக்கில் திருகியிருக்கும் வெடிமூட்டி அது. ஆங்கிலத்தில் ஃபியூஸ். "இந்தச் சொல்லில் பிழை விட்டால் யாருடைய கையாவது போகும்" என்றார். இரவும் பகலும் பாடமாக்கினேன்.

வெல்லாவெளிப் பக்கம், வயல் வட்டை ஓரத்தில் ஒரு பழைய நெல் களஞ்சியம். அங்கேதான் வகுப்பு. செவ்வாய்க்கிழமை. வெளியே அறுவடை இயந்திரம் ஓடுகிறது. ஒலிவியே மேசையில் ஒரு செல் மூக்கை வைக்கிறார். வெறுமையாக்கியது. பாதியாக வெட்டியது. உள்ளே பித்தளை, சுருள் கம்பி.

"ஃபியூசே ஆ ரெத்தார்" என்கிறார்.

ரெத்தார். ஸ்டேசன் பலகையின் சிவப்பு எழுத்து.

"டிலே ஃபியூஸ்" என்கிறேன். மேற்பார்வையாளர் தலையாட்டுகிறார்.

ஒலிவியே தொடர்கிறார். நான் தொடர்கிறேன். இது பட்டவுடன் வெடிக்காது. கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைந்த தாமதம். அதற்குள் செல் கூரையைத் துளைக்கும். மரக்குற்றியைத் துளைக்கும். மண்ணைத் துளைக்கும். உள்ளே போன பிறகுதான் வெடிக்கும். பங்கருக்காகவே செய்தது. வெளியே நின்று பார்த்தால் கூரை உள்ளிருந்து எழும்புவதுபோல் தெரியும்.

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் பிழைக்கவில்லை. பிறகு தமிழில் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. குழுப் பெண்கள் பேனாவோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் கண்ணுக்குள் எங்கள் பங்கரின் குற்றிகள் எழும்புகின்றன.

"என்னக்கா? தண்ணி தரவா?" ஒரு பெண் கேட்டாள்.

குடித்தேன். தமிழில் சொன்னேன். அதுதானே என் வேலை.

தேநீர் இடைவேளையில் எங்கள் பங்கரைப் பற்றி ஒலிவியேயிடம் கேட்டேன். அவர் கேள்விகளை அடுக்கினார். குழி எவ்வளவு பெரிது? பங்கர் அளவுதான். பக்கத்தில் தென்னைகள் இருந்தனவா? இருந்தன. விழுந்தனவா? இல்லை. ஓலைகூடக் கருகவில்லை.

"உள்ளே வெடிமருந்து சேமித்திருந்தால் அந்தத் தென்னைகள் நின்றிருக்காது. கண்ணால் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நீ சொல்வது செல்" என்றார். பிறகு, "யார் அங்கே இருந்தது?" என்றார்.

சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். மாங்கேணி. அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்து சொன்னேன். அம்மா கையை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு வாயைத் திறந்தார்.

"அப்ப அந்தச் சாக்கு?"

"என்ன சாக்கம்மா?"

"முதல் நாள் பின்னேரம் சேகர் ஒரு சாக்கு கொண்டு வந்தவன். பாரமான சாக்கு. பங்கருக்குள்ள மூலையில வெச்சவன். என்னடாண்டு கேட்டன். நாளைக்குப் பாருங்கம்மாண்டு சிரிச்சான். மறுகா நான் கேக்கல்ல."

அம்மா இதை யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு மார்கழியும் அப்பாவுக்கும் குகனுக்கும் பெயர் சொல்லி மோட்ச அர்ச்சனை செய்வார். சேகருக்குச் சொல்ல மாட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. மகன்தான் மற்ற இரண்டு பேரையும் கொன்றான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தென்னைகள் விழவில்லை அம்மா என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தலையாட்டினார். சாக்கு அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. பிரெஞ்சும் ஆங்கிலமும் அந்தச் சாக்குக்கு முன்னால் என்ன செய்யும்?

மறுநாள் பஸ் ஏறித் தேற்றாத்தீவுக்குப் போனேன். மாமி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வசந்தியா?" என்றார். உள்ளே கூப்பிட்டார். கதிரை போட்டார். நான் செல்லைப் பற்றிச் சொன்னேன். தாமத வெடிமூட்டி பற்றிச் சொன்னேன். மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் மகள்."

"என்ன தெரியும் மாமி?"

"செல்தான் எண்டு. அண்டைக்கு இரவே தெரியும்."

"அம்மா ஒரு சாக்கு எண்டு சொல்றா..."

"அது நான் குடுத்த சாக்கு. இளனி. குகனுக்கு மறுநாள் பிறந்தநாள். ஒளிச்சு வெய்டா, விடிய எல்லாருக்கும் வெட்டிக் குடுப்பம் எண்டு சேகரிட்டக் குடுத்தன்."

நான் எழுந்துவிட்டேன். திரும்பக் கதிரையில் இருந்தேன்.

"பின்ன ஏன் மாமி அப்பிடிச் சொன்னீங்க?"

"புள்ளையிட சட்டையக் கண்ட நேரம் வந்த சொல்லு அது. செல் அடிச்சவன ஏச ஏலுமா? எங்க போய் ஏசுற? முன்னால கொம்மா நிண்டா. மறுகா எல்லாரும் அதச் சொல்லத் தொடங்கிட்டாங்க. முகாமில ரெண்டு தரம் கொம்மாட கொட்டகை வாசல் வரைக்கும் வந்தன். உள்ளுக்கு வர ஏலல்ல. வருசம் போகப் போக இன்னும் ஏலல்ல."

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முன்னால் இருந்தது எட்டு வயது மகனை மண்ணுக்குள்ளிருந்து கிண்டி எடுத்த ஒரு மனுசி. கொழும்பிலும் இல்லை, கடல் கடந்தும் இல்லை. ஒரே பஸ் பாதையில் இவ்வளவு காலமும் இந்த ஒரு சொல் இருந்திருக்கிறது. இளனி.

போனை எடுத்து அம்மாவுக்கு அடித்தேன். "மாமி கதைக்கப் போறா" என்று சொல்லி மாமியின் கையில் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். மாங்கேணியில் ஒரு காகம் கத்துவது கேட்டது.

"மச்சாள்" என்றார் மாமி. "அந்தச் சாக்கில இருந்தது இளனி. நான்தான் குடுத்து விட்டன்."



"இளனியா?" என்றார் அம்மா.

"ஓம் மச்சாள். இளனி."

அம்மா போனை வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் மாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசச் சொல்லி வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. மாமி வருவதாகச் சொன்னார். இன்னும் வரவில்லை.

இழந்ததைச் சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, நாற்பத்தொன்பது வயது. தம்பி சேகர், பதினேழு. மச்சான் குகன், அன்றைக்குத்தான் எட்டு முடிந்தது. மாங்கேணியில் விட்டுப்போன தோணி ஒன்று. வலைகள். கன்றுத்தாய்ச்சி மாடு. என் இடது காது. அம்மா தன் மகனை நம்பாமல் கழித்த பதினாறு வருடம். இரண்டு பெண்கள் பேசாமல் இருந்த அதே பதினாறு வருடம். இவற்றையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். செல் அடித்தவர்கள் இவற்றையும் சேர்த்துத்தான் அடித்தார்கள்.