பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினேன்

அபிகாயில்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நல்ல பிள்ளை. உடுப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி, எட்டரைக்கெல்லாம் கொக்குவில் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். ஒரே குறை, எதைக் கொடுத்தாலும் கடைசி வரிவரை வாசிப்பாள்.

கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றுக்கு நான் இணையத்தளம் செய்து கொடுத்திருந்தேன். புயல் எச்சரிக்கை வந்தால், நூற்றெண்பது படகுக்காரரின் கைபேசிக்கும் அது தானாகவே செய்தி அனுப்பும். திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தியவர் அந்தப் படகுக்காரரில் ஒருவரான தில்லைநாதன் அண்ணை. இனி வானத்தை அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை என்று நான் பேசியபோது, எல்லாரையும் முந்திக் கைதட்டியவரும் அவர்தான்.

அந்தத் தளம் ஒரு பிரேம்வேர்க்கின்மேல் நிற்கிறது. எங்கோ யாரோ இலவசமாகச் செய்து விடுகிற அடித்தளம் அது. இடைக்கிடை சில்லறைப் பிழைகளைத் திருத்திப் புதுப் பதிப்பு விடுவார்கள். ஆவணியில் 4.1.7 வந்தது. அபிகாயில் அதன் குறிப்பை வாசித்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணை, ஒரே நேரத்திலை கனபேருக்குச் செய்தி அனுப்பேக்கை சத்தமில்லாமல் நிண்டுபோற பிழை ஒண்டு இருக்காம். இதிலை திருத்தியிருக்கினம். பத்து நிமிச வேலைதான்."

பத்து நிமிட வேலைதான். ஆனால் நான் அந்த அடித்தளத்துக்குள்ளேயே கைவைத்து, என் வசதிக்கு அங்கங்கே வெட்டி ஒட்டியிருந்தேன். அப்படிச் செய்யக் கூடாதென்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறவனும் நான்தான். புதுப்பித்தால் ஒட்டெல்லாம் அழிந்து தளம் படுத்துவிடும், அவளும் பார்ப்பாள். அவளுக்கு வேலை பழக்கியவனுக்கு அது அழகா, நீங்களே சொல்லுங்கள்.

"நானே செய்யிறன் பிள்ளை" என்றேன். பக்கத்தின் அடியில் இருந்த 4.1.6 என்பதை 4.1.7 என்று மாற்றினேன். அவ்வளவுதான். சங்கத் தலைவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நன்றிக் கடிதம் அனுப்பினார். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்றரைக்கு எச்சரிக்கை வந்தது. என் திரையில் பார்த்தேன். நூற்றெண்பது செய்தியும் வரிசையில் அப்படியே நின்றன, ஒன்றுகூடப் போகவில்லை. கையால் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் பதிவில் விழும், பதிவையும் அபிகாயில் வாசிப்பாள். யாராவது கரையில் சொல்லிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

அப்படியேதான் நடந்தது. வானத்தைப் பார்த்த மற்றவர்கள் படகை இழுத்து வைத்துவிட்டார்களாம். பழைய பழக்கம் லேசில் போகுமா? தில்லைநாதன் அண்ணையும் மருமகன் லக்சனும் மட்டும் போனார்கள். வியாழக்கிழமை படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. செத்தவீட்டுக்குப் போனேன். அண்ணையின் மனைவி கேதீஸ்வரி அக்கா என் கையைப் பிடித்து அழுதார், எனக்கும் கண் கலங்கியது.

சங்கம் விசாரித்தபோது, தளத்தைப் பிழையாகப் புதுப்பித்தவள் அபிகாயில் என்று எழுதிக் கொடுத்தேன். சின்ன வயது, வேறு வேலை கிடைக்கும். அவள் போன பிறகு உண்மையாகவே புதுப்பித்தேன். ஏழு நிமிடம் பிடித்தது. என் ஒட்டுகள் இல்லாமலும் தளம் நன்றாகத்தான் ஓடுகிறது.

தொலைபேசிப் பதிவை வைத்துக் கேட்கிறீர்கள். ஓம், அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குத் தில்லைநாதன் அண்ணை எனக்கு எடுத்தார்.

"தம்பி, வடக்காலை கறுக்குது. செய்தி ஒண்டும் வரேல்லை. போகலாமோ?"

எச்சரிக்கை என் முன்னால் திரையில் இருந்தது. அபிகாயில் பக்கத்து மேசையில் இருந்தாள். போக வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று திரும்பிப் பார்ப்பாள்.

"ஓம் அண்ணை, போங்கோ" என்றேன்.

அவர் என்னை நம்பித்தானே கேட்டார், ஐயா. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.