கிண்ணம் பிடித்தவன்

நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலமெல்லாம் பாகு மணத்திலேயே குளித்தவளுக்கு இனிப்பு நாக்கில் ஏறாது. மிட்டாய் விற்கிறவள் மிட்டாய் தின்பதில்லை என்று என் தம்பி போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஆஸ்பத்திரியில் அவன் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் நானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறேன். பிழையோடு ஒரு சரக்கு என் கையைத் தாண்டி வெளியே போனதில்லை.

எங்கள் மிட்டாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிவப்புக் காகிதம், இரண்டு பக்கமும் முறுக்கு. கடித்தால் பல்லில் ஒட்டாது. கண்ணாடி உடைவதுபோல 'டக்' என்று விழும். அந்த 'டக்'தான் எங்கள் சொத்து. அடுப்பு என் பொறுப்பு, விற்பனை தம்பியின் பொறுப்பு. அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். அவனுக்கு நான், எனக்கு அவன் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் மனைவி கூடச் சொல்வாள்: "மாமியார் இல்லாத வீடுன்னு நம்பி வந்தேன். அந்தக் குறைய அண்ணி தீர்த்து வச்சுட்டாங்க."

எல்லா ஊரிலும் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய வியாபாரி எங்கள் மிட்டாயைக் கேட்டார். எங்கள் சமையலறைக்கு அது யானைப் பசி. வெளியே ஒரு தொழிற்சாலையில் செய்து வாங்குவதைத் தவிர வழியில்லை. யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. கூட்டாளி தேடுவதும் மாப்பிள்ளை தேடுவதும் ஒன்றுதான். பார்க்க வரும் நாளில் எல்லாரும் நல்லவர்கள். தம்பி மூன்று பேரைப் பிடித்துவந்தான். முடிவு என்னுடையது என்று பேச்சு.

இங்கே தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாகு பதத்துக்கு வந்ததா என்று பார்க்க இப்போது கருவி இருக்கிறது. பழைய கைக்காரர்கள் கருவியை நம்புவதில்லை. பாகு கொதிக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டித் தண்ணீர் இருக்கும். விரல்களை அதில் முக்கி, கொதிக்கிற பாகில் விட்டு ஒரு சிட்டிகை கிள்ளி, மறுபடி தண்ணீருக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். கண்ணிமைக்கும் நேரம்தான். விரலில் இருக்கிற ஈரம் காப்பாற்றும். தண்ணீரில் இறுகிய துண்டைக் கடித்துப் பார்த்தால் பதம் தெரிந்துவிடும். செய்கிறவர் கண் முழுக்கப் பாகில் இருக்கும். கிண்ணத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார். கை தானாக அங்கே போகும். கிண்ணத்துக்கு ஒரு ஆள் எப்போதும் காவல். எனக்குத் தம்பி. பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே அவன்தான் கிண்ணம் பிடிப்பான். என் கை எங்கே வந்து விழுமோ அங்கே கிண்ணம் இருக்கும்.

முதலில் பார்த்தது ஒரு பெரிய கம்பெனி. முதலாளி தலையில் தொப்பி, காலில் பிளாஸ்டிக் உறை. கையை விட்டுக் காட்டச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"மெஷின் இருக்கும்போது கை எதுக்கும்மா? இந்தக் காலத்துக்கு வாங்க."

தம்பிக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. "சுத்தமா இருக்குக்கா. இவருக்கே குடுத்துடலாம்" என்றான். ஆளே தொடாத சரக்குக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். அவன் அடுத்த ஆலைக்கு வண்டியைத் திருப்பினான்.

இரண்டாவது ஆளை எல்லாரும் 'சிரிப்பு' என்றே கூப்பிட்டார்கள். பேச ஆரம்பிக்குமுன்பே சிரித்துவிடுவார். சின்ன ஆலை, ஆனால் தரை துடைத்த கண்ணாடி. கை வைத்துக் காட்டச் சொன்னதும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். அவருடைய ஆள் சாக்கு இறக்கப் போயிருந்ததால் கிண்ணத்துக்கு நான் நின்றேன்.

"பயப்படாதீங்கக்கா. எங்க குடும்பத்துக்குப் பாகுன்னா வெந்நீர் மாதிரி" என்றார்.

விரலை நனைத்தார். பாகுப் பக்கம் திரும்பினார். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. நல்ல நாளில் இவர் எப்படி என்பதைப் பார்த்தாயிற்று. கெட்ட நாளில் எப்படி? கரண்ட் போகும், ஆள் வராமல் போவான், சர்க்கரை ஈரமாக வந்து இறங்கும். அப்படிப்பட்ட நாளில் என் மிட்டாயை இவர் பார்த்துக்கொள்வாரா? சர்க்கரை என்று சொன்னால் வாய் இனிக்காது சார். நேரில் பார்க்க வேண்டும்.

கிண்ணத்தை எடுக்கவில்லை. ஒரு முழம் நகர்த்தினேன், அவ்வளவுதான்.

அவர் கை திரும்பி வந்து வெறும் இரும்பு மேசையில் விழுந்தது. தட்டித் தட்டித் தேடினார், கண் தெரியாதவரைப் போல. எண்ணெய் என்றால் வழிந்துவிடும். பாகு வழியாது, பிடித்துக்கொண்டு உள்ளே வேகவைக்கும். இன்னொரு கையால் அதைப் பிய்க்கப் பார்த்தார். கையுறை கழற்றுவதுபோல விரலிலிருந்து தோல் வந்தது. பிய்த்த கையும் ஒட்டிக்கொண்டது. அந்த மனிதர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஆட்கள் எல்லாரும் அவரிடம் ஓடினார்கள். நான் கொப்பரையைப் பார்த்தேன். அதைச் சூடாக்கும் நீராவி வால்வை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை. பாகு கருகிப் புகைந்தது. முதலாளி அலறினால் சரக்கை மறந்துவிடும் இடம். வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

தம்பிதான் அவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம். திரும்பிவந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டே கேட்டான்.

"கிண்ணம் எப்படிக்கா தள்ளிப் போச்சு?"

"ஈர மேசை. வழுக்கியிருக்கும்."

அவனுக்கும் மேசை தெரியும், கிண்ணம் தெரியும். என்னையும் தெரியும்.

மூன்றாவது ஆள் ஒரு அம்மா. மூக்கு நுனியில் அரைக்கண்ணாடி. கணவர் விட்டுப்போன ஆலையைத் தனியாகத் தூக்கி நிறுத்தியவள். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது. பிடித்தவர்களைத்தானே நன்றாகப் பரிசோதிக்க வேண்டும்? ஆட்கள் சாப்பிடப் போன நேரம். தம்பி எனக்குப் பின்னால் நின்றான். கிண்ணத்தை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றான். விருந்தாளிக்கு நான் செய்வதுதான் மரியாதை என்றேன்.

அவள் கை மேசையில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டாள். பிறகு செய்தாள் பாருங்கள். இடது கையை நீட்டி வால்வை மூடினாள். மூடிவிட்டுத்தான் குழாயைத் தேடிப் பக்கத்து அறைக்கு ஓடினாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டாளி கிடைத்துவிட்டாள். கொப்பரையில் பாகு இறுகிவிடக் கூடாதே என்று நானே மறுபடி வால்வைத் திறந்தேன். திரும்பினால் தம்பி. முகத்தில் ரத்தமில்லை.

"நான் பாத்தேன்க்கா."

"எதை?"

"உன் கைய."

அவனுக்கு விளக்கினேன். இது பரிசோதனை, நம் பெயர், நம் உழைப்பு, இதில் இரக்கம் பார்த்தால் கடைசியில் நாம்தான் தெருவில் நிற்போம் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொப்பரைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றான். பாகைச் சாய்த்துக் கொட்டுகிற பக்கம் அது. இரும்பு மேசையில் முழங்கையை ஊன்றி, கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.

"சரி. இப்ப நீ பாகுல கைய விடு. நான் பிடிக்கிறேன்."

"விளையாடாத."

"எத்தன வருஷம் பிடிச்சேன்? ஒரு தடவ நகர்ந்திருக்கா? விடுக்கா. விட்டு எடுத்துட்டு வா, வீட்டுக்குப் போவோம். அவங்க கால்ல ரெண்டு பேரும் விழுவோம். அப்புறம் போலீஸோ என்னவோ, நான் கூட வரேன்."

விரலை நனைத்தேன் சார். பொய் சொல்லவில்லை. நனைத்துக்கொண்டு பாகுப் பக்கம் திரும்பினேன். கை போகவில்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தேன். அது அசையாமல்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும், நகர்த்திவிடுவான். அவன் இடத்தில் நான் இருந்தால் நகர்த்தியிருப்பேன்.

கொப்பரையைச் சாய்க்கிற சக்கரம் என் பக்கம் இருந்தது. உங்கள் தாளில் இருக்கிற பிழை இதுதான். கை தவறித் தானே சக்கரத்தைத் திருப்பிவிட்டதாகவும், அக்கா மேல் தப்பில்லை என்றும் அவன் சொல்லியிருக்கிறான். அவன் நின்ற பக்கத்தில் சக்கரமே இல்லை சார். போய்ப் பாருங்கள். தொழில் தெரியாதவன், கை தவறியவன் என்று அவனைப்பற்றி எழுதி வைப்பது நியாயமில்லை. அவன் கை ஒருநாளும் தவறியதில்லை. சக்கரத்தைத் திருப்பியது நான். எண்ணெய் போட்ட சக்கரம், லேசாகத்தான் சுற்றியது.

பாகு மொத்தமும் ஒரே வீச்சில் வராது. நாக்கு மாதிரி நீளமாக வரும். கழுத்து, நெஞ்சு, நீட்டிய இரண்டு கை. அவன் விலகியிருக்கலாம். முதல் சொட்டு விழும்போதே விலகியிருக்கலாம். கிண்ணத்தைக் கீழே போடவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "அக்கா" என்றான். அலறல் இல்லை, கூப்பிடுகிற மாதிரி. பிறகுதான் அலறினான். சட்டை எது, தோல் எது என்று தெரியவில்லை. மேசையில் வழிந்தது இறுக இறுக அவனும் அதோடு ஒட்டிக்கொண்டான். பிய்த்துக்கொண்டு விழுந்தபோது கொஞ்சம் மேசையிலேயே தங்கிவிட்டது.

அரைக்கண்ணாடி அம்மா ஓடிவந்தாள். வெந்துபோன கையாலேயே தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தாள். கொப்பரையின் அடியில் மிச்சப் பாகு புகைய ஆரம்பித்திருந்தது. வால்வு அவள் கைக்கு எட்டுகிற தூரம். அதைத் தாண்டி ஓடினாள். முன்பின் தெரியாத ஒருவன் மேல் தண்ணீரை அடித்துக்கொண்டு, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பா" என்று அழுதாள். தன் கை வெந்தபோது அழாதவள்.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இவளையா தேர்ந்தெடுத்தேன் என்று நினைத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். அந்தக் கொப்பரையைச் சாய்த்து என் தம்பியைக் கொன்றது நான்தான். கிண்ணத்தை நகர்த்தியதும் நான்தான், இரண்டு தடவையும். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று அந்த அறையில் அவ்வளவு கூச்சலுக்கு நடுவில் நிதானமாகப் போய் வால்வை மூடியது நான் ஒருத்திதான். மூன்று ஆலை ஏறி இறங்கினோம். கடைசியில் தேறியது நான் மட்டும். பாருங்கள் இந்தக் கையை. இத்தனை வருஷம் பாகில் விட்டு எடுத்த கை. ஒரு கொப்புளம் உண்டா? எல்லாம் என் சொந்தத் திறமை சார்.