நீள ராத்திரிக் கொழுக்கட்டை

— ஒரு வாய்கூட வாங்கலியா அண்ணி?

— சொட்டுத் தண்ணிகூட இறங்கல, பாவ்ஷான். ஆட்டுக்கறி சூப்பு வச்சேன், பயறு போட்டுக் கஞ்சி வச்சேன். உங்கண்ணன் வாயைப் பூட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நீயாவது சொல்லேன்.

— அண்ணே, தேயுவான் அண்ணே, இங்க பாரு... ஏன் அண்ணி இவரை ஜன்னலோரம் குளிர்ல விட்டிருக்கீங்க?

— சொன்னாக் கேட்டாத்தானே? இந்தச் செங்கல் கட்டிலுக்கு அடியில அடுப்புல கட்டை கட்டையா எரியுது. சூடு பட்டதும் நகர்ந்து நகர்ந்து அங்கயே போயிடறாரு, பாரேன்.

— கை பனிக்கட்டியா இருக்கே!

— ஆத்துக்குள்ள போய் வந்த மனுஷனுக்கு வேற எப்படி இருக்கும்? முந்தாநாள் சந்தைலேர்ந்து கோசு மூட்டையோட உறைஞ்ச ஆத்து மேல வந்தோம். சறுக்கு வண்டிக்கு அடியில பனி பிளந்துச்சு பாரு, குதிரை, கோசு, நாங்க, எல்லாம் உள்ளே. நான்தான் கோட்டுக் காலரைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்து வந்தேன். இல்லேன்னா இன்னிக்கு நான் விதவை.

— பட்டினியாலயே போயிடுவாரு போலிருக்கே. விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்.

— அது விடிஞ்சு பாத்துக்கலாம். வருஷத்துலயே நீளமான ராத்திரி இன்னிக்கு. கொழுக்கட்டை சாப்பிடலேன்னா காது விறைச்சு உதிர்ந்துடும்னு உங்கம்மா மிரட்டுவாங்களே! பன்னிக்கறியும் புளிச்ச கோசும் வச்சுப் பிடிச்சிருக்கேன். இந்தாங்க, உங்களுக்குப் பிடிச்சது. ஆ காட்டுங்க... பாத்தியா? உதட்டுல இடிச்சுக் கீழ விழுது. எனக்கு அழுகையா வருது தம்பி. இவரு இல்லாம நான் என்ன பண்ணுவேன்?

— அழாதீங்க அண்ணி. முதல்ல அப்பாவுக்குப் படையலை வச்சிடுவோம். சோத்துக் கிண்ணம் இதுதானே?

— அதேதான். சாப்பிடற குச்சி ரெண்டையும் சோத்துல நட்டு வை. நினைப்பில்லாம படுக்க வச்சுடாதே.

— எனக்குத் தெரியாதா? செத்தவங்களுக்கு நட்டுவைக்கணும், நமக்குப் படுக்க வைக்கணும். இதோ, நட்டாச்சு. ஊதுபத்தி எங்க?

— அலமாரியில. கிண்ணத்தை அங்கயே உங்கண்ணன் முன்னாடி வச்சுட்டுப் போய் எடு.

— பத்தி நமுத்துப் போயிருக்கே. பத்தவே மாட்டேங்குது.

— பாவ்ஷான்! ஓடி வா! சாப்பிடறாரு! அள்ளி அள்ளிச் சாப்பிடறாரு, பாரேன்! அப்பாடா, வயித்துல பால வார்த்தாரு!

— அண்ணி... அது அப்பாவோட கிண்ணம்.

— இருந்துட்டுப் போகட்டுமே! மாமனாரு சொந்தப் பிள்ளைகிட்ட கோவிச்சுக்கவா போறாரு?

— அதுக்கில்ல. நல்லாப் பாருங்க. குச்சியை அவரு எடுக்கவே இல்ல. நட்டது நட்டபடி நிக்குது, சோறு மட்டும் குறையுது.

— பசி அப்படி, பாவம்.

— நீங்க ஆசையா ஊட்டினது எதையும் தொடல. செத்தவருக்கு வச்சதைத்தான் தொடறாரு. மெதுவா எழுந்து என் பக்கம் வாங்க. எங்க வீட்டுக்குப் போயிடலாம். அண்ணன் ஆத்தோட போயிட்டாரு அண்ணி. நீங்க இழுத்துட்டு வந்தது அவரை இல்ல.

— சும்மா இருடா. அந்தச் சோறு எப்படி மணக்குது பாரு! ஆத்துலேர்ந்து வந்ததுக்கு அப்புறம் இப்பத்தான் எனக்கும் பசிக்குது. பாவ்ஷான், எனக்கும் ஒரு கிண்ணத்துல குச்சியை நட்டுக் குடேன்.