குன்றா வினையில் நூற்றுக்கு நூறு

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! அழுக்குத் துணியைக் கண்டால் மூக்கைப் பொத்தினாலும், ஆங்கிலம் கேட்டால் அகமும் முகமும் மலரும் மேலாளர் பெருந்தகை அவர்களே! கைரேகை அழிய விரிப்புகளை வெளுத்த பெரியோர்களே, தாய்மார்களே! சிற்றுண்டிப் பொட்டலம் வரும்வரை பொறுமை காக்கும் பின்வரிசைச் செல்வங்களே! வணக்கம்.

இந்தச் சலவை ஆலையின் மேற்பார்வையாளர் பதவிக்கு என்ன தகுதி வேண்டும்? கறையைக் காணும் கண்ணா? கொதிகலனின் முனகலைக் கேட்கும் காதா? இல்லை, இல்லை! ஆங்கிலத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை எது, குன்றா வினை எது என்று தெரிய வேண்டும்! இலக்கணத்துக்குப் பயந்து இரத்தக் கறையே ஓடிவிடும் என்று கண்டுபிடித்தவர் நம் மேலாளர். கைதட்டுங்கள்!

மூன்று மாதம் படித்தோம். வினையைப் பார்த்து 'எதை?' என்று கேள். பதில் வந்தால் குன்றா வினை. 'வாஷ்': எதை? துணியை. 'ஸ்லீப்': எதை? பதிலே இல்லை, அது குன்றியது. இந்த 'பிரேக்' இருக்கிறதே, நாம் உடைத்தாலும் பிரேக், தானாக உடைந்தாலும் பிரேக். நிர்வாகத்துக்கு எவ்வளவு இதமான சொல்! என்ன தம்பி, 'பாத்துப் பேசுக்கா'வா? பார்த்துத்தான் பேசுகிறேன், மேலாளர் எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறார்!

தேர்வு நாள். சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது பேர். மேலாளரே கண்காணிப்பாளர். நடுவில் தீய்ந்த வாடை வந்தது. எல்லோர் மூக்கிலும் ஏறியது. எல்லோரும் எழுதினோம். உலர்த்தும் பிரிவில் பத்தொன்பது ஆண்டு நின்ற அக்கா மட்டும் எழுந்தார்.

"சார், மூணாம் நம்பர் மெஷின் புகையுது. உள்ள ரெண்டு பேர் வேலை பாக்குறாங்க."

"வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாதும்மா."

"பரவால்ல சார். அவங்க வெளிய வரட்டும்."

போனார். மின்சாரத்தை நிறுத்தினார். புகைக்குள் புகுந்து இருவரையும் இழுத்து வந்தார். முன்கை வெந்துபோனது. அந்த நேரத்தில் நான் என்ன வீரம் புரிந்தேன்? 'ஸ்லீப்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டேன். ஸ்கேல் வைத்து, நேராகப் போட்டேன்!

விளைவு? எனக்கு நூற்றுக்கு நூறு, மேற்பார்வையாளர் பதவி, இந்தப் பாராட்டு விழா. அக்காவுக்கு, 'தேர்வறையை விட்டு வெளியேறியவர்' என்ற பட்டமும் தோல்வியும்.

உள்ளே இருந்த இருவரில் ஒருத்தி என் கூடப் பிறந்த தங்கை. அவள் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். 'யாராவது போவார்கள்' என்று நினைத்தேன். அந்த வெட்கத்தில் இத்தனை நாளாக அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

தலைவர் அவர்களே, இதோ என் பணி ஆணை. உங்கள் மேசையிலேயே வைக்கிறேன். பெயரை அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதுங்கள். அவருக்குக் கீழே வேலை செய்ய எனக்குச் சம்மதம். அவருக்கு மேலே நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

அங்கே பாருங்கள், கட்டுப் போட்ட கையை ஆட்டி, "பைத்தியமாடி நீ? பேசாம உக்காரு!" என்கிறார். அன்னைக்கு உக்காந்ததே போதும்க்கா.

பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி. முகம் சிவந்தாலும் ஒலிபெருக்கியை நிறுத்தாத மேலாளருக்குத் தனி நன்றி. வணக்கம்.