எட்டு ஜாக்கெட்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை வரும் பேருந்து போளூரைத் தாண்டியதும், எனக்கு முன் இருக்கையிலிருந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கத்தினார்: "கலா, எட்டு ஜாக்கெட்டும் போச்சுடி!"

அவர் மடியில் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. பக்கத்தில் அவருடைய நாத்தனார்.

"என்ன ஜாக்கெட்டு அண்ணி?"

"நம்மூர் டாக்டரு மார்ப முழுசா எடுத்துடணும்னாரு இல்ல? ஆபரேஷன் முடிஞ்சு வந்தா அலைய முடியாதேன்னு, கெளம்புறதுக்கு முன்னாடியே எட்டையும் டெய்லர்கிட்ட குடுத்துட்டேன். இடப்பக்கம் தட்டையா பிடிச்சுத் தெச்சிடுங்கன்னு."

"ஐயோ! அவருகிட்டயே சொன்னீங்களா?"

"சொன்னேன். பாவம், தலையே நிமிரல."

நாத்தனார் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

"வேலூரு கிளினிக்ல மார்புக்குன்னே தனியா டாக்டருங்க இருப்பாங்க, கட்டிய மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் கரண்ட் வெச்சா போதும்னு சொல்லுவாங்கன்னு நான் கனவா கண்டேன்? இப்ப எனக்கு இருக்குது, ஜாக்கெட்டுக்குத்தான் இல்ல!"

"மெதுவா அண்ணி, பஸ்ஸே கேக்குது."

"கேக்கட்டும். நீ சிரிக்க வெக்காதடி, ஆபரேஷன் தையல் வலிக்குது."

அதன் பிறகு வெகு நேரம் இரண்டு முதுகுகளும் குலுங்கிக்கொண்டே வந்தன.

கோபுரம் தெரிந்ததும் நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேண்டிக்கிட்டு இருக்கேன் அண்ணி. நேரா கோயிலுக்குப் போயிடலாம்."

"மொதல்ல டெய்லர் கடை. அண்ணாமலையாரு எங்கயும் போயிடமாட்டாரு. பட்டு ஜாக்கெட்ட கடைசியாத்தான் எடுப்பேன்னாரு டெய்லரு, அதையாவது காப்பாத்திடலாம் வா!"