திறந்திருந்த வெளிக்கதவு

நீங்கள் கொடுத்த பேனா வழுக்கிக்கொண்டு எழுதுகிறது, சார். எங்கள் அறையில் பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு வரி எழுதுவதற்குள் கயிறு கையை நான்கு சுற்று சுற்றிவிடும்.

நடந்ததை முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். முதல் என்றால் கதவுதான். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எங்கள் குளிர்சேமிப்புக் கிடங்கின் கடைசியில் உறைகூடம் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. அதற்குள் நேராகப் போக முடியாது. வெளிக்கதவு, பிறகு ஒரு சின்ன இடையறை, பிறகு உள்கதவு. இரண்டில் ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. குளிர் வெளியே ஓடிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. யார் யோசித்தார்களோ, அழகான யோசனை. எத்தனையோ முறை அந்தக் கதவுகள் மாறி மாறித் திறப்பதைச் சும்மா ரசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நான் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவன். ஐம்பத்திரண்டு கேமராக்கள், எல்லாக் கதவுகளின் பொத்தான்கள், எல்லா விளக்குகளின் பொத்தான்கள். குளிரூட்டும் இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே யார் கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஓரிடத்தில் தண்ணீர் சிந்தியிருந்தாலோ பெட்டி உடைந்திருந்தாலோ, அந்த இடத்து விளக்கை நான் மினுக்குவேன். துப்புரவு செய்பவர் துடைப்பானோடு அங்கே போவார்.

அந்தத் துப்புரவு வேலை பார்த்த பெண்மணியை எல்லோரும் 'மேனேஜரம்மா' என்று கூப்பிடுவோம். ஈரத் தரையில் கால் வைத்தால் நிஜ மேனேஜரையே நிற்கவைத்து ஒரு பாட்டம் திட்டிவிடுவார். டீ நேரத்தில் என் அறை வாசலில் வந்து நிற்பார். உள்ளே வர அனுமதி இல்லை.

"என்னண்ணே, நாள் பூரா உக்காந்து என்னதான் பாக்குறீங்க? நான் வழுக்கி விழுறதயா?"

"விழுந்தா சொல்றேன்."

"விழுந்ததுக்கு அப்புறம் சொல்லி என்ன பண்றது? அதுதான் எனக்கே தெரியுமே!"

நல்ல மனுஷி. எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் இருந்ததில்லை. இதைத் தயவுசெய்து கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு கணினி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தேன். பாழடைந்த ஒரு மருத்துவமனையில் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டிருப்பார். அவரை நாம் நடக்கவைக்க முடியாது, பேசவும் முடியாது. கேமரா வழியாகப் பார்க்கலாம், விளக்கைப் போடலாம், கதவைத் திறக்கலாம், அவ்வளவுதான். வெளிச்சம் எங்கே வருகிறதோ அங்கே அவர் போவார். மற்ற ஆட்டங்களில் பொம்மையை இழுக்கிறோம். இதில் ஒரு மனிதரை நம்பவைக்க வேண்டும். பதினோரு நாளில் முடித்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் வேலைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, என் முன்னால் இருப்பதும் அதே பலகைதான் என்று தோன்றியது.

சின்னதாகத்தான் தொடங்கினேன். சுத்தமான இடத்தில் விளக்கை மினுக்குவேன், மேனேஜரம்மா போவார், தரையைக் குனிந்து பார்ப்பார், அடுத்த விளக்கு மினுங்கும். ஒருமுறை அவரைக் கிடங்கு முழுக்க ஒரு வட்டம் சுற்றவைத்துப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்தேன். அன்று வாசலில் வந்து நின்று, "அண்ணே, அந்த லைட்டுக்கெல்லாம் பேய் பிடிச்சிருக்கு, ஆள வரச்சொல்லிப் பாருங்க. என் முட்டி தேஞ்சு போச்சு" என்றார். சிரித்தோம்.

இன்னொன்றும் சொன்னார். "உறைகூடத்துக்குள்ள அந்தப் பச்சை பட்டன் இருக்கே, அவசரத்துக்குக் கதவு திறக்க அமுக்குறது, அது ஐஸ் பிடிச்சு அமுங்கவே மாட்டேங்குது. எழுதிக் குடுத்துட்டேன், மேல அனுப்பிடுங்க."

அவர் எழுதிக் கொடுத்த சீட்டு என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. தொலைக்கவில்லை. பொத்தானை அமுக்கி வெளியே வந்துவிடலாம் என்றால் அந்த அறையில் கண்டுபிடிக்க எதுவும் இருக்காதே என்று அப்போதே தோன்றியது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஒரு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். மேனேஜரம்மா மூன்று மணி வரை இருப்பார். மூன்றரைக்கு மகளை டியூஷனிலிருந்து கூட்டிப் போக வேண்டும். இரண்டேகாலுக்கு உறைகூடத்தின் விளக்கை மினுக்கினேன். வேண்டுமென்றே குளிர் அங்கிகள் தொங்கும் அறை வழியாகத்தான் வரவைத்தேன். அவர் அங்கியை எடுக்கவில்லை. ஐந்து நிமிட வேலை என்று நினைத்திருப்பார். அது அவர் எடுத்த முடிவு.

அவர் உள்ளே போனதும் உள்கதவு மூடியது. நான் வெளிக்கதவைத் திறந்தேன். திறந்தே வைத்தேன். நான் எந்தக் கதவையும் பூட்டவில்லை, சார். உங்கள் காகிதத்தில் 'பூட்டினார்' என்று இருக்கிறது, அதைத் திருத்திவிடுங்கள்.

வெளியேற வழி இல்லாமல் இல்லை. எதிர்ச்சுவரில் பெட்டிகள் உருண்டு வெளியே போகும் திறப்பு இருக்கிறது. அகலம் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். முந்தின வாரமே அளந்து பார்த்தேன். அவர் உடல்வாகுக்குத் தாராளமாகப் போகலாம். அதன் ஷட்டரைத் திறந்து வைத்ததும் நான்தான். அதற்கு முன்னால் மூன்று வரிசை பெட்டிகளை அடுக்கச் சொன்னதும் நான்தான். நேராக நடந்துபோய் வெளியேறினால் அதில் என்ன இருக்கிறது?

கதவு திறக்கவில்லை என்று தெரிந்ததும் பச்சைப் பொத்தானிடம் போனார். துடைப்பான் கட்டையால் அடித்தார். பிறகு கதவைத் தட்டினார். பத்து நிமிடம் விட்டுப்பார்த்து, திறப்புக்கு மேலே இருந்த விளக்கை மினுக்கினேன்.

உடனே போனார். எனக்கு மனது துள்ளியது. ஆனால் பெட்டிகளின் முன்னால் போய் நின்று, குனிந்து, தரையைப் பார்த்தார். பிறகு துடைத்தார். சார், அவர் துடைத்தார். சுத்தமாக இருந்த தரையை மூலை வரை துடைத்துவிட்டு, கேமராவைப் பார்த்து முடிந்தது என்று தலையாட்டிவிட்டுக் கதவுக்கே திரும்பி வந்தார். வேலை முடிந்தால் திறந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. மறுபடி மினுக்கினேன். மறுபடி துடைத்தார். மூன்று முறை. என் தவறு என்று ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் அது இதுதான்: விளக்குக்கு எங்கள் கிடங்கில் வேறு அர்த்தம் இருப்பதை நான் யோசிக்காமல் விட்டேன்.

மூன்றரைக்கு வாசல் பெட்டகத்தில் அவருடைய போன் ஒளிர்ந்தது. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. இரண்டாம் கேமராவில் அது தெரியும். பன்னிரண்டு தடவை ஒளிர்ந்தது.

அப்போது அவர் துடைப்பானைக் கீழே போட்டுவிட்டார். கேமராவுக்கு நேர் கீழே வந்து நின்று என்னைப் பார்த்தார். சத்தம் கேட்காது, ஆனால் உதடு தெரிந்தது. 'அண்ணே' என்றார். பிறகு ஏதோ நிறையச் சொன்னார், கைகளைக் கூப்பினார், மறுபடி 'அண்ணே' என்றார்.

வெளிக்கதவின் பொத்தான் என் இடது கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு தடவை அமுக்கினால் வெளிக்கதவு மூடும், உள்கதவு திறக்கும். ஏன் அமுக்கவில்லை என்று நேற்று முழுக்கக் கேட்டீர்கள். அமுக்கியிருந்தால் அவரால் முடியவில்லை என்று நானே முடிவு கட்டியதாக ஆகியிருக்கும். வழி அங்கே திறந்து கிடக்கும்போது ஒருவரை அப்படி அவமதிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் கேமராவைத் திருப்பினேன். அவர் முகத்திலிருந்து எடுத்து, திறப்பின் மேல் வைத்தேன். கேமரா பார்க்கும் பக்கம் அவரும் பார்ப்பார் இல்லையா? அதற்குமேல் தெளிவாக யாரும் வழிகாட்ட முடியாது. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார், எப்போது உட்கார்ந்தார், எப்போது படுத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பார்க்காததை எழுத மாட்டேன்.

ஐந்தரைக்கு அவருடைய கணவர், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயிற்காவலரோடு வந்து வெளிக்கதவைக் கையால் இழுத்து மூடி உள்கதவைத் திறக்கும்வரை, நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, சார்; அந்தத் திறப்பில் அவர் தலை தெரியும் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவரை அவ்வளவு நம்பியவர்கள் அந்தக் கிடங்கில் வேறு யாரும் இல்லை.